திறக்க மறுத்த இமேஜ் கோப்புகள்: ஓர் அச்சகத்து ஹார்டு டிஸ்க்கிலிருந்து

பாளையங்கோட்டையில் பல காலம் நடந்த அச்சகம் ஒன்றின் ஹார்டு டிஸ்க் என் கைக்கு வந்தது. கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், நூற்றாண்டு விழா மலர் என்று அந்த ஊரும் சுற்று வட்டாரமும் அச்சடித்துக்கொண்டவை எல்லாம் முதலில் சிடிக்களில் இருந்தன. சிடிக்கள் பழுதாகத் தொடங்கியதும், வேலையில் இருந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த மென்பொருளை வைத்து அவற்றை இமேஜ் கோப்புகளாக, அதாவது ஒரு சிடியின் உள்ளடக்கம் முழுவதும் அப்படியே ஒரே கோப்பாக, எடுத்து இந்த டிஸ்க்கில் போட்டிருந்தார்கள். இன்று அவற்றில் பாதிக்கு மேல் திறப்பதில்லை. "எல்லாம் கெட்டுவிட்டது, டிஸ்க்கை அழித்துவிட்டு வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள், தம்பி" என்றார் உரிமையாளர். "அண்ணாச்சி, நான் பார்த்து முடிக்கும்வரை ஒரு பைட்டைக்கூடத் தொடாதீர்கள்" என்று சொல்லி வாங்கி வந்தேன்.

திறக்காத இமேஜ் கோப்பில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. பெயருக்குப் பின்னால் இருக்கும் மூன்று எழுத்து ஒன்றைச் சொல்கிறது, உள்ளே வேறொன்று இருக்கிறது. கணினி பெயரை நம்பித் திறக்கப் பார்க்கிறது, முடியாதபோது 'கோப்பு சிதைந்துள்ளது' என்ற செய்தியைக் காட்டுகிறது. அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு ஊரின் நினைவையே அழித்துவிடுகிறார்கள். இதைப் பதிந்து வைக்கக் காரணம் அந்தக் கோபம்தான்.

முதல் வேலை நகல். டிஸ்க்கில் இருந்த அத்தனையையும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள வேறொரு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, மூலத்தை உறையில் போட்டு வைத்துவிட்டேன். நகலுக்கும் 'படிக்க மட்டும்' என்ற குறியைப் போட்டேன். சரிசெய்யும் முயற்சி எதுவானாலும் அந்த நகலிலிருந்து எடுத்த இன்னொரு நகலில்தான்.

எளிதாகத் தீர்ந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 8 முதல், இமேஜ் வகைகளில் மிகப் பரவலான ஐஎஸ்ஓ கோப்பை இரட்டைக் கிளிக்கில் மெய்நிகர் டிரைவாக ஏற்ற முடியும். ஆனால் அந்தக் கோப்பு என்டிஎஃப்எஸ் சுருக்கம் செய்யப்பட்ட கோப்புறையில் இருந்தாலோ, வெற்றிடங்களுக்கு டிஸ்க்கில் இடம் பிடிக்காமல் சேமிக்கும் 'ஸ்பார்ஸ்' என்ற பண்பு அதற்கு இருந்தாலோ ஏற்றாது. டோரன்ட் வழியாக இறக்கிய கோப்புகளில் இந்த ஸ்பார்ஸ் பண்பு அடிக்கடி ஒட்டிக்கொண்டிருக்கும். கோப்பு முழு ஆரோக்கியத்தோடு இருக்கும், செய்தி மட்டும் பயமுறுத்தும். சுருக்கக் குறியை எடுத்துவிட்டால், அல்லது எஃப்எஸ்யூடில் கட்டளையால் ஸ்பார்ஸ் பண்பைப் பூஜ்யமாக்கினால் திறந்துவிடும். இரட்டைக் கிளிக் செய்தால் வின்ரார் திறக்கிறது என்பது பிழையே அல்ல. வலது கிளிக்கில் 'மவுண்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐஎஸ்ஓ என்று பெயர் வைத்த இன்னொரு கோப்பு சில கிலோபைட்தான் இருந்தது. நோட்பேடில் திறந்தால் அது ஒரு இணையப் பக்கம்: இறக்கும்போது கோப்புக்குப் பதிலாக 'உள்நுழையவும்' என்ற பக்கம் வந்து அந்தப் பெயரில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதில் மீட்க எதுவும் இல்லை.

மற்றவற்றுக்கு, கோப்பின் ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் வேண்டியிருந்தது. விண்டோஸில் எச்எக்ஸ்டி இலவசமாகக் கிடைக்கிறது. லினக்ஸில் எக்ஸ்எக்ஸ்டி கட்டளை இருக்கிறது. பலர் இதைப் பார்த்ததும் ஒதுங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை என்று தெரிந்தால் ஒதுங்க மாட்டார்கள்.

சிடியில் தரவு சம அளவுத் துண்டுகளாக எழுதப்படும், ஒரு துண்டு ஒரு செக்டர். சாதாரண ஐஎஸ்ஓ கோப்பில் முதல் 16 செக்டர்கள், செக்டருக்கு 2048 பைட் வீதம் 32,768 பைட்கள், கணினியின் உபயோகத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள். அதற்கு அடுத்த பைட்டில் 1 என்ற எண் இருக்க வேண்டும். அதைத் தொட்டு, பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 32,769ஆம் இடத்தில், 'சிடி001' (CD001) என்ற ஐந்து எழுத்துகள் இருக்க வேண்டும். இனி வரும் இடங்களும் பூஜ்யத்திலிருந்து எண்ணியவையே. இருந்தால் அது ஐஎஸ்ஓ 9660. அதன் பெயர் என்னவாக இருந்தாலும் சரி, ஐஎஸ்ஓ என்று மாற்றினால் திறக்கும்.

அச்சகத்து டிஸ்க்கில் ஐஎம்ஜி என்று முடிந்த கோப்புகள் நிறைய. விண்டோஸ் ஐஎம்ஜியையும் ஐஎஸ்ஓ போலவே ஏற்றப் பார்க்கும். இவற்றில் 32,769ஆம் இடத்தில் சிடி001 இல்லை. கோப்பின் தொடக்கத்துக்குப் போனால் ஒரு பூஜ்யம், பிறகு பத்து முறை எஃப்எஃப் (பதினாறடிமானத்தில் 255), மறுபடி ஒரு பூஜ்யம். இந்தப் பன்னிரண்டு பைட்களைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி வந்தது. சிடியில் ஒவ்வொரு செக்டரின் தலையிலும் எழுதப்படும் ஒத்திசைவுக் குறி அது. அதை அடுத்து 00, 02, 00, 01 என்று நான்கு பைட்கள். முதல் மூன்றும் நிமிடம், விநாடி, அந்த விநாடிக்குள் எத்தனையாவது செக்டர் என்ற எண். சிடியில் விநாடிக்கு 75 செக்டர்கள். தரவு தொடங்குமுன் 150 செக்டர் இடைவெளி விடப்படுவதால் முதல் செக்டரின் முகவரி பூஜ்யம் நிமிடம் இரண்டாவது விநாடி. நான்காவது பைட் முறைமை: 1 என்றால் முதல் முறைமை, 2 என்றால் இரண்டாவது.

அதாவது இது சிடியை உரித்தபடியே எடுத்த இமேஜ். செக்டருக்கு 2048 பைட் தரவோடு, தலைப்பும் பிழைதிருத்தக் குறியீடும் சேர்ந்து 2352 பைட். குளோன்சிடி என்ற மென்பொருள் இப்படித்தான் ஐஎம்ஜி, சிசிடி, சப் என்று மூன்று கோப்புகளாக எழுதும். 700 எம்பி சிடியில் இருந்து எடுத்த கோப்பு எப்படி 807 எம்பி ஆயிற்று என்று அண்ணாச்சி கேட்டிருந்தார், விடை இதுதான். 80 நிமிடச் சிடியில் 3,60,000 செக்டர்கள். அதை 2048ஆல் பெருக்கினால் 73,72,80,000 பைட். 2352ஆல் பெருக்கினால் 84,67,20,000 பைட்.

இங்கேயே ஒரு எளிய சோதனை கிடைத்துவிடுகிறது. கோப்பின் அளவைப் பைட்டில் பார்த்து வகுத்துப் பாருங்கள். 2048ஆல் மீதியின்றி வகுபட்டால் சாதாரண ஐஎஸ்ஓவாக இருக்க வாய்ப்பு. 2352ஆல் வகுபட்டால் உரித்த இமேஜ். 2448ஆல் வகுபட்டால் செக்டருக்கு 96 பைட் துணைத் தரவும் சேர்ந்திருக்கிறது. ஆல்கஹால் என்ற சிடி நகலெடுக்கும் மென்பொருளின் எம்டிஎஃப் கோப்புகளில் சில அப்படித்தான் இருந்தன. எதிலும் வகுபடாவிட்டால் கோப்பு பாதியில் அறுந்திருக்கலாம், அல்லது கடைசியில் ஒரு குறிப்புப் பகுதி ஒட்டியிருக்கலாம். ஹெக்ஸ் எடிட்டரைத் திறக்கும் முன்பே கால்குலேட்டர் இவ்வளவையும் சொல்லிவிடுகிறது.

உரித்த இமேஜிலும் சிடி001 இருக்கும், இடம்தான் வேறு. முதல் முறைமையில் 37,649. இரண்டாவது முறைமையில் 37,657. அங்கே கண்டுவிட்டால் மாற்றுவது சில நிமிட வேலை. லினக்ஸில் இதற்கென்றே சிசிடி2ஐஎஸ்ஓ, பிசங்க், ஐஏடி போன்ற சின்ன நிரல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செக்டரிலிருந்தும் 2048 பைட்டை மட்டும் எடுத்து வரிசையாக எழுதுகின்றன, அவ்வளவுதான். ஐஎம்ஜி கோப்புகள் கிட்டத்தட்ட எல்லாம் இப்படித் திறந்துகொண்டன.

'பின்' (bin), 'கியூ' (cue) என்று முடியும் கோப்பு ஜோடிகளில் பிரச்சினை வேறு. தரவு பின் கோப்பில் இருக்கும். கியூ என்பது நான்கைந்து வரி உரைக் கோப்பு. முதல் வரியில் பின் கோப்பின் பெயர் மேற்கோளுக்குள் இருக்கும். எவரோ பின் கோப்புக்கு 'பள்ளி மலர்' என்று ஆங்கில எழுத்தில் நல்ல பெயராகச் சூட்டியிருக்கிறார். கியூ இன்னும் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் டி டிரைவ் என்று முழுப் பாதையும் எழுதப்பட்டிருந்தது. நோட்பேடில் திறந்து பெயரைத் திருத்தியதும் வேலை முடிந்தது. லினக்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் கவனிக்க வேண்டும். கியூவைத் தொலைத்துவிட்ட 'பின்' கோப்புக்கு, ஒத்திசைவுக் குறியை அடுத்து வரும் நான்காவது பைட்டைப் பார்த்து முறைமையைத் தெரிந்துகொண்டு மூன்று வரியில் புதிதாக எழுதிவிடலாம்.

சிடி எழுதும் மென்பொருளான நீரோவின் என்ஆர்ஜி கோப்புகளைத் தொட்டபோதுதான் இமேஜ் வகைகளுக்குள் இருக்கும் பெரிய வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. ஐஎஸ்ஓ, முன்பக்கத்தில் பொருளடக்கம் அச்சிட்ட புத்தகம். பின்னட்டை கிழிந்தாலும் எந்தப் பக்கத்தில் என்ன என்று தெரியும். என்ஆர்ஜி, ஆப்பிளின் டிஎம்ஜி, மெய்நிகர் டிஸ்க்குக்கான நிலையான அளவுள்ள விஎச்டி ஆகியவை பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் வைத்திருப்பவை. என்ஆர்ஜியின் கடைசி 12 பைட்டில் 'என்ஈஆர்5' (NER5) என்ற குறியும் விவரங்கள் தொடங்கும் இடமும் இருக்கும். பழைய பதிப்பானால் கடைசி 8 பைட்டில் 'நீரோ' (NERO) என்ற நான்கு எழுத்து. ஆப்பிளின் சுருக்கப்பட்ட டிஎம்ஜியில் கடைசி 512 பைட் பகுதி 'கோலி' (koly) என்ற நான்கு எழுத்தில் தொடங்கும். விஎச்டியின் கடைசி 512 பைட் 'கோனெக்டிக்ஸ்' (conectix) என்று தொடங்கும். நகலெடுக்கும்போது கடைசித் துண்டு மட்டும் விடுபட்டால், இவை முழுவதும் போனதுபோல் நடிக்கும்.

ஆனால் நடிப்புதான். வால் அறுந்த ஒரு என்ஆர்ஜியில் உள்ளே போய்த் தேடினேன். 2048 பைட் செக்டராக எழுதப்பட்ட ஒற்றைத் தட என்ஆர்ஜியில், முன்னால் 150 செக்டர் இடைவெளி, அதாவது 3,07,200 பைட், இருப்பது வழக்கம். அதைத் தள்ளிவிட்டு எழுதினால் மிச்சம் அப்படியே ஐஎஸ்ஓ. சிடி001 சரியாக 3,39,969ஆம் இடத்தில் உட்கார்ந்திருந்தது. டிடி கட்டளையில் செக்டர் அளவு 2048 என்றும், 150ஐத் தாண்டு என்றும் கொடுத்தேன். ஒரு கோயில் மலரின், பக்கம் கட்டும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்புகள் முழுவதும் வெளியே வந்தன. நிலையான விஎச்டியும் அப்படியே: வால் இல்லாவிட்டாலும் முன்னால் இருப்பது அப்பட்டமான டிஸ்க் தரவு. சுருக்கிய டிஎம்ஜிக்கு இந்தச் சலுகை இல்லை. எந்தத் துண்டு எங்கே சுருங்கிக் கிடக்கிறது என்ற பட்டியலுக்கு வழிகாட்டுவதே அந்த வால்தான்.

டிவிடி இமேஜ் ஒன்றின் அளவு 4,29,49,67,295 பைட். இந்த எண்ணைப் பார்த்ததுமே காரணம் தெரிந்துவிடும். எஃப்ஏடி32 வடிவிலுள்ள பென் டிரைவில் ஒரு கோப்பு இருக்கக்கூடிய உச்ச அளவு அது. 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. யாரோ பென் டிரைவ் வழியாக அதைக் கொண்டுவந்திருக்கிறார்கள், மீதி அங்கேயே வெட்டுப்பட்டிருக்கிறது. ஐஎஸ்ஓவின் முதன்மை விவரப் பகுதியில் 80ஆவது பைட்டில், கோப்பின் கணக்கில் 32,848ஆம் இடத்தில், மொத்தம் எத்தனை செக்டர் என்ற எண் இருக்கும். அதை 2048ஆல் பெருக்கி உண்மையான அளவோடு ஒப்பிட்டால் எவ்வளவு போயிற்று என்று தெரியும். செவன்-ஜிப், 'தரவு எதிர்பாராமல் முடிந்துவிட்டது' என்ற எச்சரிக்கையோடு அதைத் திறந்தது. வெட்டுக்கு முன்னால் இருந்த கோப்புகள் எல்லாம் நல்லபடியாக வந்தன. பொருளடக்கம் முன்னால் இருந்ததால் கிடைத்த பலன்.

அதே விவரப் பகுதியில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் உண்டு. 813ஆவது பைட்டில் அந்த வட்டு உருவான ஆண்டு, மாதம், நாள், நேரம் பதினாறு இலக்கங்களில் வெற்று எழுத்தாகவே இருக்கும். பதினேழாவது பைட் நேர மண்டலம். கிரீன்விச்சிலிருந்து எத்தனை கால் மணி நேரம் தள்ளி என்ற கணக்கு. இந்திய நேரம் ஐந்தரை மணி, அதாவது 22 கால் மணிகள். ஹெக்ஸ் எடிட்டரில் அது பதினாறடிமானத்தில் 16 என்று தெரியும். சிடியின் மேல் எழுதிய மை அழிந்து, கோப்பின் தேதி நகலெடுத்த நாளாக மாறிவிட்ட பிறகும், எந்த மலர் எந்த ஆண்டுக்குரியது என்று அந்தப் பதினேழு பைட்களை வைத்துத்தான் பலவற்றைப் பிரித்தோம்.

அதிக நேரம் பிடித்தது, திறந்தும் உள்ளே ஒன்றுமில்லாத இமேஜ்கள். ஒரு நூற்றாண்டு விழா மலரின் சிடி அது. இமேஜ் திறந்தது, உள்ளே அட்டைப்பட வரைவு மட்டும். "இருநூறு பக்கத்துக்கு மேல் அடித்தோம், தம்பி, மீதி எங்கே?" என்றார் அண்ணாச்சி. கோப்பின் அளவோ அறுநூறு எம்பியைத் தாண்டியிருந்தது. அந்த அளவுதான் என்னை விடவில்லை.

அச்சகங்களில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. சிடியை ஒரே தடவையில் எழுதி மூடாமல், திறந்தே வைத்து, மெய்ப்புத் திருத்தம் முடிந்த பக்கங்களை அவ்வப்போது அதே சிடியில் சேர்ப்பார்கள். ஒவ்வொரு சேர்ப்பும் ஒரு செஷன். ஒவ்வொரு செஷனும் தனக்கென்று ஒரு புதிய பொருளடக்கத்தை எழுதும். பழைய கோப்புகளையும் அதில் குறிப்பிட்டுக்கொள்ளும். சிடி டிரைவில் போட்டால் டிரைவ் கடைசி செஷனின் பொருளடக்கத்தைத் தேடிப் படிக்கும். சாதாரண ஐஎஸ்ஓ இமேஜாக எடுத்துவிட்டால் அந்தச் செஷன் விவரம் கோப்பில் இல்லை. திறக்கும் மென்பொருள் 16ஆவது செக்டருக்குப் போய் முதல் செஷனின் பொருளடக்கத்தையே படித்துவிட்டு நின்றுவிடுகிறது.

லினக்ஸில் கிரெப் கட்டளையிடம், இமேஜ் முழுவதிலும் சிடி001 எங்கெங்கே வருகிறது என்று இடத்தோடு பட்டியலிடச் சொன்னேன். கொத்துக் கொத்தாக எண்கள் வந்தன. ஒவ்வொரு கொத்திலும் 2048 இடைவெளியில் இரண்டு மூன்று எண்கள்: முதன்மை விவரம், நீளமான பெயர்களுக்கான ஜோலியட் விவரம், முடிவுக் குறி. ஒரு கொத்துக்கு ஒரு செஷன். ஒவ்வொரு கொத்தின் முதல் எண்ணை எடுத்து, ஒன்றைக் கழித்து, 2048ஆல் வகுத்து, 16ஐக் கழித்தால் அந்தச் செஷன் தொடங்கும் செக்டர் கிடைக்கும். உதாரணமாக 12,79,30,369 என்று வந்தால், ஒன்று கழித்து வகுத்தால் 62,466. பதினாறு போக 62,450. லினக்ஸின் மவுண்ட் கட்டளைக்கு 'எஸ்பிசெக்டர்' என்ற விருப்பம் இருக்கிறது. அதற்கு இந்த எண்ணைக் கொடுத்தால், பொருளடக்கத்தை அங்கிருந்து படிக்கும். கடைசிக் கொத்தின் எண்ணைக் கொடுத்தேன். மலரின் பக்கங்கள் அத்தனையும் வரிசையாக வந்து நின்றன.

இதை விண்டோஸிலேயே செய்ய விரும்புகிறவர்களுக்கு ஐசோபஸ்டர் என்ற மென்பொருள் ஒவ்வொரு செஷனையும் தனித்தனியாகக் காட்டும். ஒரு எச்சரிக்கை: கடைசி செஷனை மட்டும் வெட்டி எடுத்துத் தனி ஐஎஸ்ஓவாகச் சேமித்தால் கோப்புப் பெயர்கள் தெரியும், உள்ளே குப்பை இருக்கும். பொருளடக்கத்தில் உள்ள செக்டர் எண்கள் எல்லாம் சிடியின் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட்டவை. முழு இமேஜும் இருந்தால்தான் அவை பொருந்தும்.

மேக் கணினியில் எழுதிய சிடிக்கள் தனி உலகம். வண்ணப் பக்கங்களுக்கு அச்சகத்தில் ஒரு மேக் இருந்திருக்கிறது. டோஸ்ட் என்று முடியும் அந்தக் கோப்புகளில் சிடி001 எங்குமே இல்லை. முதல் இரண்டு பைட் 'ஈஆர்' (ER), 512ஆம் இடத்தில் 'பிஎம்' (PM). அது ஆப்பிளின் பகுப்பு அட்டவணை. உள்ளே எச்எஃப்எஸ் கோப்பு முறை. விண்டோஸுக்கு அது தெரியாது. மேக்ஓஎஸ்ஸும் 2019இல் வந்த கேட்டலினா முதல் பழைய எச்எஃப்எஸ்ஸைப் படிப்பதை நிறுத்திவிட்டது. லினக்ஸ் படிக்கிறது. ஆனால் அவசரப்பட்டுச் சாதாரண நகல் எடுக்கக் கூடாது. பழைய மேக் எழுத்துருக் கோப்புகளின் உயிர் முழுக்க 'ரிசோர்ஸ் ஃபோர்க்' என்ற இரண்டாவது பகுதியில் இருக்கிறது; வெறுமனே நகலெடுத்தால் பூஜ்யம் பைட் கோப்புதான் வரும். எச்எஃப்எஸ்யூடில்ஸ் தொகுப்பின் எச்காப்பி கட்டளையில் மேக்பைனரி விருப்பத்தைக் கொடுத்தால் இரண்டு பகுதிகளும் ஒன்றாக வரும். எழுத்துரு இல்லாமல் அந்தக் காலத்துத் தமிழ்ப் பக்கம் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற பொதுவான தமிழ் எழுத்துக் குறியீடுகளை அறிவித்த பிறகும் அச்சகங்கள் தத்தம் எழுத்துருவின் சொந்தக் குறியீட்டிலேயே பக்கம் கட்டிக்கொண்டிருந்தன. ஆகவே பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தே மீட்க வேண்டும்.

சில இமேஜ்களில் நடுவே ஓட்டை இருந்தது. சிடியைப் படிக்கும்போதே பிழை வந்து, அந்த இடங்கள் பூஜ்யமாக எழுதப்பட்டிருக்கின்றன. இவற்றுக்கு மூலச் சிடி வேண்டும். அண்ணாச்சி வீட்டுப் பரணில் ஒரு பெட்டி கிடைத்தது. மலர் வேலைகளுக்கு இரண்டு பிரதி எழுதும் பழக்கம் அங்கே இருந்ததுதான் பெரிய புண்ணியம். பழுதான வட்டைப் படித்து மீட்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ நிரலுக்குச் செக்டர் அளவு 2048 என்று சொல்லி, வரைபடக் கோப்போடு முதல் பிரதியைப் படிக்க விட்டேன். எந்தெந்த இடம் படிக்கப்பட்டது, எது விடுபட்டது என்று அந்த வரைபடம் குறித்துக்கொள்ளும். பிறகு இரண்டாவது பிரதியைப் போட்டு அதே இமேஜையும் அதே வரைபடத்தையும் காட்டினால், விடுபட்ட இடங்களை மட்டும் அதிலிருந்து நிரப்பும். இரண்டும் ஒரே எழுத்திலிருந்து வந்த அச்சு அசலான பிரதிகளாக இருந்தால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். சிடியைத் துடைப்பவர்கள் அடிப்பக்கத்தையே கவனிக்கிறார்கள். உண்மையில் மென்மையான பக்கம் பெயர் எழுதும் மேற்பக்கம்; பிரதிபலிக்கும் படலம் அதன் மெல்லிய பூச்சுக்குக் கீழேதான் இருக்கிறது. அங்கே பேனா கீறினால் மீட்சி இல்லை.

மீளாதவையும் உண்டு. டிஸ்க் காப்பி என்ற பழைய மேக் நிரலில் சுருக்கி எடுத்த சில ஐஎம்ஜி கோப்புகளின் துண்டுப் பட்டியல் ரிசோர்ஸ் ஃபோர்க்கில் இருக்கும். விண்டோஸ் டிஸ்க்குக்கு வந்தபோதே அது உதிர்ந்துவிட்டது. வால் அறுந்த டிஎம்ஜி ஒன்றும் அதே வரிசையில் இருக்கிறது. இவற்றையும் அழிக்கவில்லை. பரண் பெட்டியில் பெயர் மங்கிய மேக் சிடிக்கள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. அவற்றில் இவற்றின் மூலம் இருக்கக்கூடும். மற்ற இமேஜ்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் உரைக் கோப்பு வைத்துவிட்டேன்: செக்டர் அளவு, கடைசி செஷன் எண், விவரப் பகுதியில் கண்ட தேதி, கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்எச்ஏ256 எண், எந்தக் கட்டளையால் திறந்தது. டிஸ்க் அண்ணாச்சியிடம் திரும்பிப் போய்விட்டது. நகல்கள் இரண்டு, ஒன்று அவர் மகளிடம், ஒன்று என்னிடம்.